ஒரு புள்ளியைத் துரத்திய கதை

அடுத்த முறை டி.வி.யில் பழைய இரட்டை வேடப் படம் ஏதாவது ஓடினால், தயவுசெய்து கதையைக் கவனிக்காதீர்கள். ஹீரோவையும் கவனிக்க வேண்டாம். இரண்டு ஹீரோக்களுக்கும் நடுவில், பின்பக்கம் ஒரு தூணோ கதவோ ஜன்னலோ இருக்கும். அதை மட்டும் பாருங்கள். அண்ணனும் தம்பியும் ஒரே ஃப்ரேமில் நின்று பேசி முடிக்கிற வரைக்கும் அந்தத் தூண் இம்மிகூட அசையாது! இருவரில் ஒருவர் வெளியே போன பிறகுதான் கேமராவுக்கே உயிர் வரும். அதுவரை அடித்து வைத்த ஆணி மாதிரி நிற்கும்.

1940ல் பி.யு.சின்னப்பா 'உத்தம புத்திரன்' படத்தில் இரண்டு வேடம் போட்டார். அதற்குப் பிறகு எத்தனை அண்ணன் தம்பிகள், எத்தனை ராஜா - ராஜா மாதிரி இருக்கும் ஏழைகள்! எல்லோரையும் ஆட்டிவைத்த ரகசியம் ஒன்றுதான். கேமராவின் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடிவிட்டு அண்ணனை எடுப்பார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றுவார்கள். இப்போது அட்டை மறுபக்கம். தம்பியை எடுப்பார்கள். இரண்டு பாதியும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு படம். இடையில் கேமரா ஒரு நூல் அளவு நகர்ந்திருந்தாலும் போச்சு... பாதித் தூண் இங்கே, பாதித் தூண் அங்கே! அதனால்தான் கேமராவுக்கு 'அசையாதே' என்று உத்தரவு.

இன்றைக்கு நிலைமை என்ன? ஹீரோ இரண்டு பேரும் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். கேமரா அவர்களைச் சுற்றி ஓடுகிறது, பறக்கிறது, குலுங்குகிறது. ஆனாலும் ஒட்டுப் போட்ட இடம் தெரிவதில்லை. நகராத கேமராவிலிருந்து ஓடும் கேமராவுக்கு வந்து சேர, சினிமாக்காரர்களுக்குக் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆயிற்று. அந்த நூறு வருஷமும் அவர்கள் துரத்தியது ஒரே ஒரு புள்ளியைத்தான். அந்தத் துரத்தல் கதைதான் இது.

* * *

முதலில் பாரிஸுக்குப் போவோம். ஜார்ஜ் மெலியஸ் என்று ஒரு மேஜிக் நிபுணர். மேடையில் ஆளை மாயமாக்கிக்கொண்டிருந்தவர், சினிமா வந்ததும் 'அடடா, இது நம்ம ஏரியா ஆச்சே!' என்று உள்ளே குதித்தார். 1900ல் அவர் எடுத்த ஒரு குட்டிப் படத்தில் மேடையில் ஏழு நாற்காலி, ஏழு வாத்தியக்காரர்கள். ஏழு பேரும் மெலியஸ்தான்! ஒரே பிலிமை ஏழு தடவை கேமராவுக்குள் ஓட்டி, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஆறு தடவை சரியாகச் செய்துவிட்டு ஏழாவது தடவை தும்மினால் மறுபடி முதலிலிருந்து! அங்கேயும் கேமரா அசையவில்லை. அசைய வழியும் இல்லை.

அடுத்தவர் அமெரிக்காவின் மாக்ஸ் ஃப்ளைஷர். கார்ட்டூன் மனிதர்கள் மரக்கட்டை மாதிரி நடப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. என்ன செய்தார்? தம்பி டேவுக்குக் கோமாளி உடுப்பு மாட்டி, ஆடச் சொல்லிப் படம் எடுத்தார். அந்தப் படத்தை ஒவ்வொரு ஃப்ரேமாக ஒரு கண்ணாடிக்குப் பின்னாலிருந்து காட்டி, மேலே காகிதம் வைத்து அச்சு அசலாக வரைந்தார். 'ரோட்டோஸ்கோப்' என்று பெயர். 1915ல் காப்புரிமைக்கு விண்ணப்பம், 1917ல் கையில் கிடைத்தது.

இந்த வார்த்தையை ஞாபகம் வச்சுக்குங்க. சென்னையிலும் ஹைதராபாத்திலும் மும்பையிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இன்றைக்கும் 'ரோட்டோ' என்ற பெயரில் செய்யும் வேலைக்கு ஆரம்பம் இதுதான். ஒரு ஆளின் உருவத்தைச் சுற்றிக் கோடு போட்டு, பின்னணியிலிருந்து பிரித்து எடுப்பது. சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 ஃப்ரேம். பத்து விநாடிக் காட்சி என்றால் 240 படங்கள். ஹீரோயின் தலைமுடி காற்றில் பறந்தால்... பாவம், வரைகிறவரின் கதி!

* * *

'கேமரா நகரட்டும். ஆனால், முதல் தடவை எப்படி நகர்ந்ததோ அதே மாதிரி இரண்டாவது தடவையும் நகர வேண்டும். அதற்கு ஒரு யந்திரம் செய்ய முடியுமா?' என்ற கேள்வி ஹாலிவுட்டில் எழுந்தது. பாரமவுன்ட் கம்பெனியின் கார்டன் ஜென்னிங்ஸும், ஸ்டான்க்ளிஃப் என்பவரும் செய்து காட்டினார்கள். கேமரா திரும்பியதைப் பதிவு செய்துகொண்டு, கேட்கும்போதெல்லாம் அதையே திருப்பிச் செய்யும் மோட்டார் அமைப்பு. 1951ஆம் ஆண்டுக்கான ஆஸ்கரில் அதற்குத் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இதே காலகட்டத்தில் இன்னொரு மனிதர், பழைய இரும்பு சாமான்களில் ஒரு பொக்கிஷத்தைக் கண்டெடுத்தார். பெயர் ஜான் விட்னி. இரண்டாம் உலகப் போர் முடிந்து, ராணுவம் வேண்டாத சாமான்களை விற்றுக்கொண்டிருந்தது. விட்னி வாங்கியது எம்-5 என்ற கருவி. விமானத்தைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கிக்குக் கணக்குப் போட்டுத் தரும் யந்திரம் அது.

அந்தக் கணக்கு சுவாரஸ்யமானது. பறக்கும் விமானம் இப்போது எங்கே இருக்கிறதோ அங்கே சுட்டால் குண்டு படாது. குண்டு போய்ச் சேருவதற்குள் விமானம் நகர்ந்துவிடும். ஆகவே, விமானம் 'இருக்கப் போகிற' இடத்தைச் சுட வேண்டும். ஆட்கள் டெலஸ்கோப் வழியே விமானத்தை விடாமல் துரத்துவார்கள். எம்-5 அதன் வேகத்தையும் திசையையும் வைத்து அடுத்து அது எங்கே இருக்கும் என்று கணித்துச் சொல்லும்.

விட்னி அந்தக் கொலைக் கருவியின் பற்சக்கரங்களை மாற்றியமைத்து, படங்களை அழகாகச் சுழல வைக்கும் அனிமேஷன் யந்திரமாக்கினார்! ஹிட்ச்காக்கின் 'வெர்ட்டிகோ' (1958) படத்தின் டைட்டிலில் சுழன்று சுழன்று நம்மைக் கிறங்கடிக்கும் சுருள்கள் விட்னியின் கைவண்ணம்தான். 1960ல் அவர் ஆரம்பித்த கம்பெனியின் பெயர் 'மோஷன் கிராஃபிக்ஸ்'. இன்றைக்கு ஒரு தொழிலுக்கே அது பெயராகிவிட்டது.

பிறகு 1977. 'ஸ்டார் வார்ஸ்'. ஜான் டைக்ஸ்ட்ராவும் அவருடைய குழுவும் கலிஃபோர்னியாவில் ஒரு குடோனில் உட்கார்ந்து, மின்னணு நினைவகம் வைத்த கேமராவை உருவாக்கினார்கள். 'டைக்ஸ்ட்ராஃப்ளெக்ஸ்' என்று அவர் பேரிலேயே அழைத்தார்கள். விண்கல பொம்மை கம்பத்தில் சும்மா நிற்கும். கேமராதான் அதை நோக்கிப் பாயும், விலகும், உருளும். திரையில் பார்த்தால் விண்கலம் பறப்பது போல இருக்கும். அதே பாய்ச்சலை எத்தனை தடவை வேண்டுமானாலும் துளி பிசகாமல் திருப்பி எடுக்கலாம். ஒரு தடவை விண்கலத்துக்கு, ஒரு தடவை அதன் விளக்குகளுக்கு என்று தனித்தனியாக எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். இந்த அடுக்குக்குத்தான் 'லேயர்' என்று பெயர். தோசைக்கல்லில் தோசை மேல் தோசை போடுவதாக வைத்துக்கொள்ளுங்களேன்.

எல்லாம் சரி. ஆனால், இதிலே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கேமரா எப்படி நகர வேண்டும் என்று முன்கூட்டியே யந்திரத்துக்குச் சொல்ல வேண்டும். தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடுகிற கேமராமேனை என்ன செய்வது? அவர் கை எப்படி ஆடும் என்று அவருக்கே தெரியாதே!

1988ல் வந்த 'ஹூ ஃப்ரேம்ட் ரோஜர் ராபிட்' படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கார்ட்டூன் முயலும் நிஜ மனிதனும் சேர்ந்து நடிக்கிற படம். கேமரா தாராளமாக நகர்ந்தது. ராபர்ட் ஸெமெக்கிஸ் இயக்கம். ரிச்சர்ட் வில்லியம்ஸ் தலைமையில் ஓவியர்கள் ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேமரா எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப முயலை இழுத்து, சாய்த்து, சிறிதாக்கி, பெரிதாக்கிக் கையாலேயே வரைந்தார்கள். அசுர உழைப்பு! மனிதக் கண்ணை நம்பி நடந்த வேலை.

'எடுத்து முடித்த படத்தைப் பார்த்து, அதில் ஒரு பொருள் எப்படி நகர்ந்தது என்று கம்ப்யூட்டரே கண்டுபிடிக்காதா?' என்ற கேள்விக்கு விடை... ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது! ஹாலிவுட்டில் இல்லை. ரோபோ செய்கிறவர்களிடம்.

* * *

பிட்ஸ்பர்க் நகரில் கார்னகி மெலன் பல்கலைக்கழகம். அங்கே டகியோ கனடே என்ற ஜப்பானியப் பேராசிரியர். அவருடன் ப்ரூஸ் லூகாஸ் என்ற ஆராய்ச்சி மாணவர். (ஸ்டார் வார்ஸ் லூகாஸ் வேறு!) ரோபோவுக்கு இரண்டு கண் வைத்தால், இடது கண் பார்க்கிற புள்ளியும் வலது கண் பார்க்கிற புள்ளியும் ஒன்றுதான் என்று அதற்கு எப்படிப் புரிய வைப்பது? இதுதான் அவர்களுடைய பிரச்னை. 1981ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெறும் சில பக்கங்கள். உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர் பார்வை பற்றிப் படிக்கும் மாணவர்கள் இன்றும் 'லூகாஸ்-கனடே முறை' என்று படிக்கிறார்கள்.

விஷயம் ரொம்ப எளிமை. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் உங்கள் மைத்துனர் சிவப்புத் தொப்பியோடு போகிறார். மாடியிலிருந்து பார்க்கிறீர்கள். ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தால், அவரைத் தேடி உஸ்மான் ரோடு வரைக்கும் போவீர்களா? மாட்டீர்கள். கடைசியாகப் பார்த்த இடத்துக்குப் பக்கத்தில்தானே தேடுவீர்கள்? கம்ப்யூட்டரும் அதையே செய்கிறது. முதல் ஃப்ரேமில் ஒரு குட்டிச் சதுரம் போட்டு 'இதைப் பார்த்துக்கோ' என்கிறோம். அடுத்த ஃப்ரேமில் அதைச் சுற்றி இன்னொரு பெரிய சதுரம். அதற்குள் மட்டும் தேடு. லூகாஸும் கனடேயும் சொன்னது இன்னும் புத்திசாலித்தனம். எல்லா இடத்திலும் வைத்து வைத்துப் பார்க்காதே. வெளிச்சம் எந்தப் பக்கம் கூடுகிறது, எந்தப் பக்கம் குறைகிறது என்று பார். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சதுரத்தை நகர்த்து. நாலைந்து தடவை நகர்த்தினால் பொருந்திவிடும்!

எந்தப் புள்ளியைத் துரத்துவது என்பதிலும் சூட்சுமம் உண்டு. வெள்ளைச் சுவரின் நடுவில் ஒரு புள்ளியை வைத்தால் கம்ப்யூட்டர் திருதிருவென்று முழிக்கும். எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கிறதே! சரி, சுவரின் ஓரக்கோட்டில் வைக்கலாமா? மேலும் கீழும் வழுக்கிக்கொண்டே போகும். ஜன்னலின் மூலையில் வையுங்கள். கப்பென்று பிடித்துக்கொள்ளும். எந்தப் பக்கம் நகர்ந்தாலும் வித்தியாசம் தெரிகிற இடம்தான் நல்ல புள்ளி. ஷி, டொமாஸி என்ற இருவர் 1994ல் இதைக் கணிதமாகவே எழுதி வைத்தார்கள். ஷூட்டிங் ஸ்பாட்டில் பச்சைத் திரைமேல் சின்னச் சின்னக் கூட்டல் குறி ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே... அது அலங்காரம் இல்லை. பாவம், கம்ப்யூட்டருக்கு மூலை காட்டுகிறார்கள்!

* * *

துரத்தியாச்சு. கையில் என்ன கிடைத்தது? வெறும் எண்கள். முதல் ஃப்ரேமில் புள்ளி இடமிருந்து இத்தனை, மேலிருந்து இத்தனை. இரண்டாவது ஃப்ரேமில் இத்தனை, இத்தனை. பத்து விநாடிக்கு 240 ஜோடி எண்கள். பலசரக்குக் கடைப் பற்று நோட்டு மாதிரி ஒரு பட்டியல். அவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாயாஜாலமே இங்கேதான். அந்தப் பட்டியலை இன்னொரு லேயருக்குக் கொடுங்கள். ஒரு மச்சம் வரைந்து, ஹீரோயின் கன்னத்து எண்களை அதற்குக் கொடுத்தால், அவள் திரும்பினாலும் சிரித்தாலும் மச்சம் கன்னத்திலேயே ஒட்டிக்கொண்டு போகும். இப்போது அதே எண்களைத் தலைகீழாக்கி, கூட்டலைக் கழித்தலாக்கி, அந்தக் காட்சிக்கே கொடுங்கள். படம் வலது பக்கம் பத்துப் புள்ளி ஆடினால் இடது பக்கம் பத்துப் புள்ளி இழு. என்ன ஆகும்? ஆட்டம் நின்றுவிடும்! குலுங்கிக் குலுங்கி எடுத்த படம் ஸ்டாண்டு போட்டு எடுத்த மாதிரி ஆகிவிடும். ஒட்டுவதற்கும் உலுக்கலை நிறுத்துவதற்கும் ஒரே பட்டியல்தான். குறி மட்டும் வேறு.

ஒரு புள்ளி மட்டும் தெரிந்தால், பொருள் எங்கே போனது என்று தெரியும். அது சுழன்றதா, கிட்டே வந்ததா என்று தெரியாது. இரண்டு புள்ளிகளைத் துரத்துங்கள். அவற்றுக்கு இடையே தூரம் அதிகமானால் பொருள் கிட்டே வருகிறது. இரண்டையும் இணைக்கும் கோடு சாய்ந்தால் பொருள் சுழல்கிறது. நான்கு புள்ளிகள் என்றால் இன்னும் விசேஷம். ஹீரோ கையில் செல்போன், ஷூட்டிங்கின்போது அதில் பச்சைத்தாள்தான் ஒட்டியிருக்கும். நான்கு மூலைகளையும் துரத்தி, வில்லன் அனுப்பிய மெசேஜை அந்த நான்கு மூலைக்கும் இழுத்துப் பிடித்து ஆணி அடித்துவிடலாம். போன் சாய்ந்தால் எழுத்தும் சாயும்.

இந்தத் தொழில் செய்கிறவர்கள் இன்னொரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். எண்களை நேராகப் படத்துக்குக் கொடுக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு காலி லேயரை உருவாக்கி, அதற்குக் கொடுப்பார்கள். திரையில் அது தெரியவே தெரியாது. ஆனால், எஞ்சின் மாதிரி! பின்னால் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கோத்துக்கொள்ளலாம். தீப்பந்தம் பிடித்த கை ஒன்றைத் துரத்தி, காலி லேயரில் ஏற்றிவிட்டால், நெருப்பு, புகை, பக்கத்தில் விழும் வெளிச்சம் மூன்றையும் அதன் பின்னால் கட்டிவிடலாம். நாளைக்கு டைரக்டர் வந்து 'நெருப்பு கொஞ்சம் இடது பக்கம்' என்றால் நெருப்பை மட்டும் நகர்த்தினால் போதும். மறுபடி துரத்த வேண்டாம். (டைரக்டர்கள் நிச்சயம் வந்து சொல்வார்கள் என்பது இத்தொழிலின் முதல் விதி!)

* * *

1990களின் தொடக்கத்தில் இந்தச் சரக்கு சினிமாக்காரர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. கனடாவின் மான்ட்ரியலில் டிஸ்கிரீட் லாஜிக் கம்பெனி 'ஃப்ளேம்' என்ற காம்போஸிட்டிங் அமைப்பைக் கொண்டுவந்தது. விலை யானை விலை. 1993ல் அமெரிக்காவின் ப்ராவிடன்ஸ் நகரில் ஒரு சின்ன கம்பெனி 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்' என்ற மென்பொருளை, மேஜை மேல் வைக்கும் சாதாரணக் கம்ப்யூட்டருக்காகவே வெளியிட்டது. பின்னாளில் அது அடோபி கம்பெனிக்குப் போனது. இன்று கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர் வரைக்கும் அது தெரியும்.

1994ல் 'ஃபாரஸ்ட் கம்ப்'. அதே ஸெமெக்கிஸ்தான். டாம் ஹாங்க்ஸ் போய் ஜனாதிபதி கென்னடியோடு கை குலுக்குகிறார். கென்னடியோ 1963லேயே சுடப்பட்டு இறந்துவிட்டார்! பழைய செய்திப் படத்தில் ஹாங்க்ஸைச் செருகினார்கள். நீலத்திரைக்கு முன்னால், அடையாளக் குறிகள் வைத்து அவரைத் தனியாக எடுத்தார்கள். பிறகு என்ன சிரமம் என்று நினைக்கிறீர்களா? பழைய படத்தை எடுத்த கேமரா ஆடும். அன்றைக்கு அந்தக் கேமராமேனின் கை நடுங்கியது என்றால், முப்பது வருஷம் கழித்து டாம் ஹாங்க்ஸும் அதே ஃப்ரேமில் அதே அளவு நடுங்கியாக வேண்டும். இல்லையென்றால் கென்னடி மட்டும் ஆடுவார், இவர் ஜம்மென்று மிதப்பார். குட்டு உடைந்துவிடும்! அதே படத்தில் கால் இழந்த ராணுவ அதிகாரியாக வரும் கேரி ஸினிஸுக்கு நீலக் காலுறை மாட்டி நடிக்க வைத்து, பிறகு கால்களை அழித்தார்கள். அந்த ஆண்டுக்கான விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான்.

நாமும் சும்மா இல்லை. அதே 1994ல் 'காதலன்' படத்தில் பிரபுதேவாவின் தலையும் கையும் மறைந்துபோய், உடுப்பு மட்டும் ஆடியதை மறந்திருக்க மாட்டீர்கள். எஸ்.டி.வெங்கி அதற்காகத் தேசிய விருது வாங்கினார். 1996ல் 'இந்தியன்'. பழைய ஆவணப்படத் துண்டுகளில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸோடு கமல்ஹாசனைச் சேர்த்துக் காட்டினார்கள். மறுபடியும் வெங்கி, மறுபடியும் தேசிய விருது.

அடுத்து, தட்டையான படத்திலிருந்து முப்பரிமாணத்துக்குப் பாய்ச்சல். ஒன்றிரண்டு புள்ளிக்குப் பதில் நூற்றுக்கணக்கான புள்ளிகளைத் துரத்தினால், அவை ஒன்றுக்கொன்று நகர்கிற வேக வித்தியாசத்தை வைத்தே கேமரா எங்கே நின்றது, எப்படித் திரும்பியது என்று கணக்கிட்டுவிடலாம். ரயில் ஜன்னலில் பார்க்கும்போது பக்கத்து மரம் விர்ரென்று ஓடுகிறது, தூரத்து மலை மெதுவாக நகர்கிறதே... அதே சூத்திரம்தான். இதற்காக டிஜிட்டல் டொமைன் கம்பெனியின் டக் ரோபிளுக்கு 1998ஆம் ஆண்டுக்கான ஆஸ்கர் தொழில்நுட்ப விருது. ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்த 'பூஜூ' என்ற மென்பொருளுக்கு 2002ல் எம்மி விருது. புள்ளியை விட்டுவிட்டு முழுப் பரப்பையே துரத்துகிற 'மோக்கா' என்ற மென்பொருளை இங்கிலாந்தில் உருவாக்கினார்கள். 2013ல் அதற்கும் ஆஸ்கர் தொழில்நுட்ப விருது.

* * *

அதே 2013ல் நடந்த இன்னொரு சம்பவத்தைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை முழுமையாகாது.

'லைஃப் ஆஃப் பை'. நம்ம பாண்டிச்சேரியில் ஆரம்பிக்கும் கதை. நடுக்கடலில் ஒரு படகு, ஒரு பையன், ஒரு புலி. பெரும்பாலான காட்சிகளில் அது கம்ப்யூட்டரில் பிறந்த புலி. கடல் என்பது தைவானில் கட்டிய தண்ணீர்த் தொட்டி. படகு ஒரு அங்குலம் ஆடினால் புலியும் ஒரு அங்குலம் ஆட வேண்டும், அதன் பாதம் பலகையில் வழுக்கக் கூடாது. படகு எப்படி ஆடியது என்று ஃப்ரேம் ஃப்ரேமாகத் துரத்திக் கண்டுபிடிப்பதற்கு 'மேட்ச்மூவ்' என்று பெயர். இப்படி ஒரு வேலை நடந்திருப்பதே தெரியாமல் நீங்கள் படம் பார்த்தால்தான், அதைச் செய்தவருக்கு வெற்றி.

புலியை உருவாக்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் கம்பெனியின் பெயர் 'ரிதம் அண்ட் ஹ்யூஸ்'. மும்பையிலும் ஹைதராபாத்திலும்கூட அதற்குக் கிளைகள் இருந்தன. 2013 பிப்ரவரி 11 அன்று அந்த கம்பெனி திவால் மனு போட்டது. இருநூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே அடியாக வேலை போயிற்று. சரியாகப் பதின்மூன்றே நாளில், பிப்ரவரி 24 அன்று, அதே புலிக்காக அதே கம்பெனிக்காரர்கள் ஆஸ்கர் மேடை ஏறினார்கள்! அரங்குக்கு வெளியே தெருவில் நூற்றுக்கணக்கான விஷுவல் எஃபெக்ட்ஸ் தொழிலாளர்கள் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேடையில் பில் வெஸ்டன்ஹோஃபர் நன்றி சொல்லிவிட்டு, 'எங்கள் கம்பெனி நெருக்கடியில் இருக்கிறது' என்கிற விஷயத்துக்கு வந்தாரோ இல்லையோ... நேரமாகிவிட்டது என்று 'ஜாஸ்' படத்தின் சுறாமீன் இசையைப் போட்டார்கள். மைக்கும் அடங்கிவிட்டது.

மறுநாளே உலகம் முழுக்க அந்தத் தொழிலில் இருந்தவர்கள் தங்கள் படத்தை எடுத்துவிட்டு, வெறும் பச்சைச் சதுரத்தை இணையத்தில் வைத்தார்கள். 'நாங்கள் இல்லாவிட்டால் உங்கள் படத்தில் தெரிவது இதுதான்' என்று அர்த்தம். ஒருவர் கூடக் கல் எறியவில்லை. ஆனால், அந்தப் பச்சை நிறம் சுருக்கென்று குத்தியது.

'கம்ப்யூட்டர்தான் துரத்திவிடுமே, ஆள் எதற்கு?' என்று கேட்கலாம். துரத்தும்தான். ஆனால், நடுவில் ஒருவர் குறுக்கே நடந்து போனால் அது குழம்பி, போகிறவரின் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு போய்விடும்! கேமரா சட்டென்று திரும்பிப் படம் மங்கினால் புள்ளி கரைந்துவிடும். மெதுமெதுவாக, ஃப்ரேமுக்கு ஒரு தலைமுடி அளவு வழுக்கி, நூறாவது ஃப்ரேமில் மச்சம் கன்னத்திலிருந்து காதுக்குப் போயிருக்கும். அதையெல்லாம் உட்கார்ந்து, பார்த்து, திருத்துவது மனிதர்தான். இன்றைய செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் இதில் பெரும்பகுதியைத் தாங்களே செய்துவிடுகின்றன. 'எங்கே வழுக்கியிருக்கிறது' என்று கடைசியாகப் பார்க்கிற கண் மட்டும் இன்னும் தேவைப்படுகிறது.

* * *

வழுக்கினால் என்ன, சினிமாதானே என்று விட்டுவிடலாம். விட முடியாத ஒரு இடம் இருக்கிறது.

டி.வி. செய்தியில், பாலியல் கொடுமைக்கு ஆளான ஒரு பெண் பேசுகிறார். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். அவர் அழும்போது தலை குனிகிறது, மங்கலும் குனிகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்புகிறார், மங்கலும் திரும்புகிறது. இவ்வளவு நேரம் நாம் பேசிய அதே வித்தைதான். முகத்தைத் துரத்து, எண்களை எடு, மங்கலாக்கும் எஃபெக்டுக்கு அந்த எண்களைக் கொடு.

நம்ம ஊர் டி.வி.யில் விநாடிக்கு 25 ஃப்ரேம். ஒரு நிமிடப் பேட்டியில் 1,500. அதில் 1,499 ஃப்ரேம்களில் மங்கல் கச்சிதமாக உட்கார்ந்து, ஒரே ஒரு ஃப்ரேமில், அவர் கையைத் தூக்கிய நேரத்தில், வழுக்கிவிட்டது என்று வையுங்கள். ஓடும்போது நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், இன்றைக்கு எல்லோர் கையிலும் செல்போன். நிறுத்தி, ஒவ்வொரு ஃப்ரேமாகத் தள்ளிப் பார்க்க ஊரிலே ஒருவன் இருந்தால் போதும். அந்த ஒரு ஃப்ரேம் அவன் கையிலிருந்து ஊர் முழுக்கப் போய்விடும். சினிமாவில் இதே தப்பு நடந்தால் மச்சம் நகரும். இங்கே ஒரு பெண்ணின் வாழ்க்கையே நகர்ந்துவிடும்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. இப்படிப்பட்ட பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்று பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 228ஏ பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவு. குழந்தைகளுக்கு 2012ல் வந்த போக்ஸோ சட்டத்தின் 23ஆவது பிரிவு. இவை எதிலும் 'மென்பொருள் வழுக்கிவிட்டது' என்று சொல்லித் தப்பிக்க இடம் எழுதி வைக்கவில்லை.

அனுபவம் உள்ள எடிட்டர்கள் இந்த மாதிரி வேலையில் எந்த மென்பொருளையும் முழுசாக நம்புவதில்லை. முகத்தை விட இரண்டு மடங்கு பெரிதாக மறைப்பு வைப்பார்கள். மங்கலுக்குப் பதில் முழுக் கறுப்பாகவே போட்டுவிடுவார்கள். கடைசியில் முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் விட மேல், எடுக்கும்போதே முகத்தை எடுக்காமலிருப்பது. ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார வைத்து, வெறும் நிழலுருவமாக எடுத்துவிட்டால் துரத்துவதற்கு முகமே இல்லை. எந்த மென்பொருளும் அதற்கு ஈடாகாது.

மெலியஸின் ஏழு நாற்காலியிலிருந்து இங்கே வந்திருக்கிறோம். பார்க்கிறவரை ஏமாற்றிச் சந்தோஷப்படுத்தக் கண்டுபிடித்த வித்தை, வழியில் பீரங்கிக்காரனிடமும் ரோபோக்காரனிடமும் பாடம் கேட்டு, ஒரு மனுஷியின் மானத்தைக் காப்பாற்றுகிற வேலைக்கும் வந்து நிற்கிறது. அடுத்த முறை படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது அவசரமாக எழுந்து போகாதீர்கள். ரோட்டோ, மேட்ச்மூவ் என்ற தலைப்புகளுக்குக் கீழே பொடி எழுத்தில் நீள நீளமாகப் பெயர்கள் வரும். நிறைய நம்ம ஊர்ப் பெயர்களாகவே இருக்கும். இரண்டரை மணி நேரமும் அவர்கள் உங்கள் கண்முன்னால்தான் இருந்தார்கள். நீங்கள்தான் பார்க்கவில்லை!